வீடு தருகிறேன் என்றவர் கையில் என்ன இருந்தது?

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கால்வாயை ஒட்டிய ஒரு குடியிருப்பில், மூன்று தேர்தல்களாக வேட்பாளர்கள் வந்து "இதே இடத்தில் குறைந்த விலையில் அடுக்குமாடி வீடு கட்டித் தருகிறோம், இருப்பவர்களுக்குப் பட்டா வாங்கித் தருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வென்றவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை. இது வெறும் பொய்யா, நிர்வாகச் சிக்கலா, இவர்களைச் சட்டப்படி கேட்க முடியுமா என்பது கேள்வி.

பொய் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த அலுவலகத்திலும் ஒரு மனுகூடக் கொடுக்க முடியாது. குடியிருப்போர் சங்கங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதிலும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதில்களைப் படித்துப் பொருள் சொல்வதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: உங்கள் தெருவுக்கு வந்து வாக்குறுதி கொடுப்பவரிடம் வீட்டைத் தரும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் உள்ளவர்கள் யாரும் உங்கள் தெருவுக்கு வருவதில்லை. இது வாக்குறுதி கொடுப்பவருக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் அதில் உள்ள குற்றம்.

முதலில் மாமன்ற உறுப்பினரை எடுத்துக்கொள்வோம். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் உண்டு. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதை நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்றாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பணி மாநகராட்சியின் கைக்கு வரவே இல்லை. 1970-இல் அமைக்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்திடமே, அதாவது மாநில அரசின் கையிலேயே இருந்துவிட்டது. அந்த வாரியத்தின் பெயர் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது மாறவில்லை. ஆகவே உங்கள் கவுன்சிலர் தெருவிளக்குக்கும் மழைநீர் வடிகாலுக்கும் பொறுப்பேற்கலாம், வீட்டுக்கு அவரால் பரிந்துரைக் கடிதம் மட்டுமே தர முடியும். போதாக்குறைக்கு, 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி வரை சென்னையில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. அந்த ஐந்தாண்டுகளுக்கும் மேலான காலத்தில் பரிந்துரைக் கடிதம் தரக்கூட ஆள் இல்லை.

சட்டமன்ற உறுப்பினரின் நிலை சற்று மேல், ஆனால் மிகவும் மேல் அல்ல. தொகுதி மேம்பாட்டு நிதியாக அவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கிடைக்கிறது. நகரில் அடுக்குமாடியில் ஒரு சிறு வீட்டுக்கு 10 லட்சம் என்று மிகக் குறைவாகவே மதிப்பிட்டாலும், அந்த நிதி முழுவதையும் கொட்டினால் முப்பது வீடுகள் வரும். அப்படிக் கொட்டவும் முடியாது. அந்த நிதி பள்ளிக் கட்டடம், சாலை, நியாயவிலைக் கடை போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கானது, தனிப்பட்ட குடும்பங்களுக்கு வீடு கட்ட அல்ல. மேடையில் "ஐந்நூறு வீடுகள்" என்று சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார் என்று நம்புவதற்கு நமக்கு அதிகப் பெருந்தன்மை வேண்டும்.

சரி, அதிகாரம் உள்ளவர்கள் கொடுத்த வாக்குறுதிகள் என்னவாயின என்று பார்க்க வேண்டும். உள்ளூர் வேட்பாளர் தாமாக எதையும் கண்டுபிடிப்பதில்லை, மேலிருந்து வரும் பெரிய அறிவிப்பைத்தான் உங்கள் தெருவின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்.

வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டபோது சொல்லப்பட்ட இலக்கு, சென்னையின் குடிசைப் பகுதிகள் அனைத்தையும் ஏழு ஆண்டுகளில் மாற்றி, கழிப்பறையும் சமையலறையும் கொண்ட வீடுகளைத் தருவது. 1971-இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி ஓர் இடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால், உரிய அலுவலரின் அனுமதியின்றி அங்குள்ளவர்களை வெளியேற்ற முடியாது. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஓர் இடம்கூடப் புதிதாக அறிவிக்கப்படவில்லை. நகரம் பெருகியது, குடிசைகள் பெருகின, பட்டியல் மட்டும் 1985-இலேயே நின்றுபோனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். உங்கள் குடியிருப்பு அந்தப் பழைய பட்டியலில் இருக்கிறதா என்பதை நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டும், ஏனென்றால் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு அடுத்த தெருவில் இருப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை.

தொடக்க ஆண்டுகளில் வாரியம் மக்கள் இருந்த இடத்திலேயே மூன்று, நான்கு மாடிக் கட்டடங்களைக் கட்டியது என்பதை மறுக்கக் கூடாது. இன்றைக்கும் மெரினாவை ஒட்டியும் வட சென்னையிலும் நிற்கும் பழைய 'போர்டு வீடுகள்' அந்தக் காலத்தவை. 1977 முதல் உலக வங்கிக் கடனுடன் வேறொரு வழி வந்தது: கட்டிய வீட்டைத் தருவதற்குப் பதிலாக, அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் சாலை, தண்ணீர், கழிவுநீர் இணைப்புடன் சிறு மனைகளைத் தவணையில் தந்தார்கள், ஏற்கெனவே இருந்த குடிசைப் பகுதிகளிலும் மனையை அளந்து தவணைக்கு விட்டார்கள். என் பார்வையில், இந்த நகரத்தில் ஏழைகளுக்குக் கிடைத்தவற்றில் உருப்படியானது அந்தத் திட்டம்தான். அரும்பாக்கத்தில் அப்போது தவணையில் மனை வாங்கியவரின் பேரன் இன்று அதே மனையில் இரண்டு மாடி வீட்டில் இருக்கிறான் என்றால், அரசு கட்டித் தந்த வீடு அதற்குக் காரணமல்ல, காலடியில் கிடைத்த நிலம் காரணம். ஆனால் அதிலும் ஒரு வால் மிஞ்சியது. தவணையைக் கட்டி முடித்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கிரயப் பத்திரம் வந்து சேரவில்லை. நிலம் வேறொரு துறையின் பெயரிலேயே இருந்தது, வாரியத்தின் பெயருக்கு மாற்றப்படவில்லை. வாரியம் தன் பெயரில் இல்லாத நிலத்துக்குப் பத்திரம் எழுதித் தர முடியாது. "ஜெயித்து வந்தால் கிரயப் பத்திரம்" என்பது அந்தத் தொகுதிகளில் பல தேர்தல்களுக்கு ஓடிய வாக்குறுதி.

2000-க்குப் பிறகு வாக்குறுதியில் 'இதே இடத்தில்' என்ற சொல் சத்தமில்லாமல் மறைந்தது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு விளிம்பில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கமாகப் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டப்பட்ட வீடுகள் 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு, மின்தூக்கி எல்லாம் உண்டு. மின்தூக்கி பழுதானால் தண்ணீர்க் குடத்தோடு ஏழு மாடி ஏற வேண்டும். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள், குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, பள்ளி ஆண்டின் நடுவிலேயே லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவரப்பட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்து விட்ட செம்மஞ்சேரியில் மழைக்காலம்தோறும் தெருவில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வேலை, மீன் வியாபாரம், சுமை தூக்குதல் என்று பிழைப்பு முழுவதும் பழைய இடத்தைச் சுற்றியே இருந்தவர்களுக்கு, இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்த வீடு, வேலையைப் பறித்த வீடு. ஆனாலும் அரசின் கணக்கில் இவை அனைத்தும் நிறைவேற்றப்பட்ட வாக்குறுதிகள். உங்கள் பகுதிக்கு நாளை 'வீடு' வரும்போது அதுவும் இப்படித்தான் வரக்கூடும் என்பதால், இடம் எங்கே என்று எழுதப்படாத வாக்குறுதியை வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாயோர வீடுகள் நீதிமன்ற ஆணைப்படி இடிக்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பின் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், அங்கிருந்தவர்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்றும், இனி மக்களைக் கலந்துபேசிய பிறகே மறுகுடியமர்வு நடக்கும் என்றும் சொன்னார். மறுகுடியமர்வுக் கொள்கைக்கான வரைவு அதற்கு முந்தைய ஆண்டே, 2021-இல், மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டிருந்தது. ஓர் உயிர் போன பிறகே, 'பக்கத்திலேயே வீடு' என்ற சொல் சட்டமன்றக் குறிப்பில் ஏறியது.

கிராமப்புறத்தில் இதே கதை வேறு உருவில் நடந்தது. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, மாநிலத்தில் உள்ள 21 லட்சம் குடிசைகளை ஆறு ஆண்டுகளில் கான்கிரீட் வீடுகளாக்கி, 2016-க்குள் குடிசையே இல்லாத தமிழகம் காண்பது இலக்கு. ஒரு வீட்டுக்கு 75,000 ரூபாய். மே 2011-இல் ஆட்சி மாறியது. திட்டம் கைவிடப்பட்டு, அதன் இடத்தில் சூரிய சக்தியில் விளக்கெரியும் பசுமை வீடு வந்தது: 300 சதுர அடி, 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், ஆண்டுக்கு 60,000 வீடுகள் வீதம் ஐந்தாண்டுகளில் 3 லட்சம். 21 லட்சம் என்ற எண் 3 லட்சமாகச் சுருங்கியதை எந்தக் கூட்டத்திலும் யாரும் வருத்தத்தோடு அறிவிக்கவில்லை. பிறகு 2024-25 நிதிநிலை அறிக்கையில் 'கலைஞரின் கனவு இல்லம்' வந்தது: 360 சதுர அடி, 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், குடிசையில்லா தமிழ்நாடு. 2016 என்ற கெடு 2030 ஆகிவிட்டது. இதில் கெட்டிக்காரத்தனம் யாருடையது என்று கட்சி பார்த்துச் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. 2010-இல் கணக்கெடுப்பு அட்டை வாங்கி, தம் முறை 2012-இல் வரும் என்று காத்திருந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு 2011 மே மாதத்துக்குப் பிறகு அந்த அட்டை வெறும் காகிதம். ஆட்சி மாறினால் திட்டம் மாறும், திட்டம் மாறினால் பட்டியல் முதலிலிருந்து எழுதப்படும்.

ஒன்றிய அரசின் கணக்கும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2015 ஜூன் மாதம் '2022-க்குள் அனைவருக்கும் வீடு' என்ற முழக்கத்தோடு வந்தது. தொடக்கத்தில் நகர்ப்புறத் தேவை 2 கோடி வீடுகள் என்றார்கள், பிறகு மாநிலங்களிடமிருந்து வந்த கேட்பு 1.12 கோடி என்றார்கள். 2022 வந்தது, கெடு 2024 இறுதிக்குத் தள்ளிப்போனது. ஆனால் இந்தத் திட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தேவையான செய்தி வேறு. சொந்த மனை உள்ளவர் தாமே வீடு கட்டிக்கொள்ள இதில் 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கிடைத்தது, ஒன்றிய அரசு ஒன்றரை லட்சம், மாநிலம் அறுபதாயிரம். நிபந்தனை, மனை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கால்வாயோரம் பட்டா இல்லாமல் இருப்பவர் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார். நகரத்து ஏழைகளில் வீடு அதிகம் தேவைப்படுபவர்கள் யாரோ அவர்களுக்கே இந்தக் கதவு மூடியிருக்கிறது.

'குறைந்த விலை' என்ற சொல்லையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுவோம். 2019 ஏப்ரல் முதல், சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கில், சென்னை போன்ற பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்கு மிகாத, 45 லட்சம் ரூபாய்க்கு மிகாத அடுக்குமாடி வீடு 'அஃபோர்டபிள்' எனப்படுகிறது, அதற்கு வரி 1 சதவீதம். அதே பிரதமர் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிந்த குடும்பம் என்பது ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மிகாத குடும்பம். அந்தக் குடும்பம் சோறு தண்ணீர் இல்லாமல் மொத்த வருமானத்தையும் எடுத்து வைத்தாலும் 45 லட்சத்தைச் சேர்க்கப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு வேட்பாளர் 'குறைந்த விலை வீடு' என்று சொல்லும்போது, 45 லட்ச ரூபாய் வீட்டையா, 3 லட்சம் வருமானத்தில் வாங்கக்கூடிய வீட்டையா, எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுவது நல்லது. தனியார் கட்டுநர் ஒருவர் 40 லட்சத்துக்கு விற்கும் வீடுகளைத் திறந்துவைத்துவிட்டு வாக்குறுதியை நிறைவேற்றிவிட்டதாகத் துண்டறிக்கை அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனிப் பட்டாவுக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அரசு நிலத்தில் குடியிருப்பவர்களை வருவாய்த் துறை இரண்டாகப் பிரிக்கிறது: ஆட்சேபணையற்ற புறம்போக்கு, ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. முதல் வகையில் பட்டா தர வழியுண்டு. ஏரி, குளம், கால்வாய், ஓடை, சாலை எல்லாம் இரண்டாம் வகை. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கொடுப்பதை நீதிமன்றங்கள் பலமுறை தடுத்திருக்கின்றன, ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-இல் மாநிலத்தில் தனிச் சட்டமும் வந்தது. ஆக, கால்வாய்க் கரையில் நின்றுகொண்டு "பட்டா வாங்கித் தருகிறேன்" என்பவர், எந்தத் தாசில்தாரும் கையெழுத்திட முடியாத ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். முதல் முறை போட்டியிடும் இளைஞருக்கு இது தெரியாமல் இருக்கலாம். இரண்டு முறை வென்றவருக்குத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே ஏமாற்று என்ற எண்ணம் வந்துவிடும். சென்னையைச் சுற்றிய 'பெல்ட் ஏரியா' என்ற எல்லைக்குள் புறம்போக்கில் இருப்பவர்களுக்குப் பட்டா தருவதற்கு 1962 முதல் தடை இருந்தது. ஆட்சேபணையற்ற நிலத்தில் தலைமுறையாக வீடு கட்டி, வரி கட்டி, மின் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கும் இதனால் பட்டா கிடைக்கவில்லை. அறுபது ஆண்டுகளாக அந்தப் பகுதி வேட்பாளர்கள் அனைவரும் பட்டா தருவதாகச் சொன்னார்கள், ஒருவராலும் முடியவில்லை, ஏனென்றால் தடை மேலே இருந்தது. 2025 பிப்ரவரியில் அமைச்சரவை கூடி, சென்னையைச் சுற்றியும் பிற நகரங்களிலுமாகச் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க முடிவெடுத்த பிறகுதான் அந்தப் பூட்டு திறந்தது. கவுன்சிலர் அறுபது ஆண்டுகள் சொன்னதும் அமைச்சரவை ஒரு நாளில் செய்ததும் ஒரே வேலை.

பழைய போர்டு வீட்டை இடித்துக் கட்டித் தருவதாகச் சொல்லும் வாக்குறுதி தனி வகை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகளோடு, சரிந்து விழுந்தது. சுவரில் விரிசலைப் பார்த்த மக்கள் முன்னதாகவே வெளியே வந்துவிட்டதால் உயிர்ச் சேதம் இல்லை. அதே ஆண்டு, புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் சுவர்ப் பூச்சு கையால் தேய்த்தாலே உதிர்ந்தது, ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. பழையதை இடிக்கும் காலத்தில் வெளியே தங்குவதற்குத் தரும் உதவித்தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்தது, பிறகு 24,000 ஆக உயர்த்தப்பட்டது. மூன்று மடங்கு உயர்வு என்று கேட்க நன்றாக இருக்கிறது. கட்டுமானம் பதினெட்டு மாதம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய். அந்தப் பணத்துக்குச் சென்னையில் ஒரு குடும்பம் தங்க எங்கே அறை கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள். பணி இழுத்துக்கொண்டு போகப் போக அந்த 1,333 இன்னும் சிறுத்துக்கொண்டே போகும். கூடவே, புது வீட்டுக்குப் பயனாளியின் பங்களிப்பு என்று ஒரு தொகையும் கேட்கப்படும்.

ஒரு கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட சென்னையில் ஒரு கால்வாய்க் கரையில், கட்டடக் கழிவிலிருந்து எடுத்துவந்து மாட்டிய பழைய மரக் கதவு அது. அதில் மூன்று எண்கள் மூன்று நிறங்களில் பெயிண்டால் எழுதப்பட்டிருந்தன. முதல் கணக்கெடுப்பின்போது நீலம், அடுத்ததில் சிவப்பு, கடைசியாகக் கைரேகை எடுத்தபோது வெள்ளை. உள்ளே இருந்த பாட்டி பாலித்தீன் உறையிலிருந்து மூன்று சீட்டுகளையும் எடுத்து வைத்துவிட்டு, "இதுல எந்த நம்பரு சார் செல்லும்?" என்று கேட்டார். நீல எண் எழுதப்பட்டபோது அவருடைய மகன் பள்ளி மாணவன். வெள்ளை எண் எழுதப்பட்டபோது அவனுக்குக் கல்யாணமாகி, அதே குடிசையைச் சாக்குத் திரையால் இரண்டாகப் பிரித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு இருந்தான். ஆனால் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒரு கதவு, ஒரு குடும்பம், ஒரு சீட்டு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு என்றாவது வந்தால் பாட்டிக்கா மகனுக்கா என்பது அந்தக் குடிசைக்குள் ஏற்கெனவே சண்டையாகியிருந்தது. மூன்று சீட்டுகளில் எதிலும் அரசாணை எண் இல்லை, திட்டத்தின் பெயர்கூட இல்லை. "பத்திரமா வையுங்கம்மா" என்பதற்கு மேல் என்னிடமும் பதில் இல்லை.

சட்டப்படி கேட்க முடியுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: வாக்குறுதிக்காகக் கேட்க முடியாது, ஆணைக்காகக் கேட்கலாம். தமிழ்நாட்டில் இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்ததை எதிர்த்து எழுந்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் அறிவுறுத்தலால், வாக்குறுதிகளுக்கான காரணத்தையும் அவற்றுக்கான நிதி எங்கிருந்து வரும் என்பதையும் கட்சிகள் பொதுவாகவேனும் சொல்ல வேண்டும் என்ற பிரிவைத் தேர்தல் ஆணையம் 2014-இல் நடத்தை விதிகளில் சேர்த்தது. அது கட்சிகளின் அறிக்கையைத்தான் பேசுகிறது. உங்கள் தெருமுனையில் ஒலிபெருக்கியில் சொன்னதைத் தொடுவதில்லை. தில்லியில் 2020 ஊரடங்கின்போது, வாடகை கட்ட முடியாத ஏழைகளின் வாடகையை அரசே கொடுக்கும் என்று அப்போதைய முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் செய்தியாளர் கூட்டத்தில் சொன்னார். அது வெறும் பேச்சல்ல, அரசைக் கட்டுப்படுத்தும் உறுதிமொழி என்று தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021 ஜூலையில் தீர்ப்பளித்தார், பலரும் மகிழ்ந்தோம். இரண்டே மாதத்தில், இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பதவியில் இருக்கும் ஒரு முதல்வரின் சொல்லுக்கே கதி இதுவென்றால், வேட்பாளரின் சொல்லை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, வந்த வாக்குறுதியை ஆணையாக மாறும் நிலைக்குத் தள்ளுவது, அல்லது அது மாறவே முடியாதது என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. முதலில் உங்கள் இடத்தின் நில வகைப்பாட்டைப் பாருங்கள். சென்னை நகருக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் எடுத்தால் அது எந்தத் துறையின் நிலம், என்ன புறம்போக்கு என்பது தெரிந்துவிடும். 'கால்வாய்' என்று இருந்தால் பட்டாப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு, எத்தனை கிலோமீட்டருக்குள் மாற்று வீடு என்ற ஒரே விஷயத்தில் நில்லுங்கள். 'கிராம நத்தம்' (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்றோ ஆட்சேபணையற்றது என்றோ இருந்தால், மாடி வீட்டுக் கனவை ஒதுக்கி வைத்துவிட்டுப் பட்டாவை மட்டும் கேளுங்கள். பட்டா வந்தால் கட்டுமான உதவி கேட்க வழி திறக்கும். அடுத்ததாக வாரியத்துக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு எழுதுங்கள்: எங்கள் பகுதியின் பெயரில் திட்டம் ஏதேனும் அனுப்பப்பட்டுள்ளதா, நிலம் வாரியத்தின் பெயருக்கு மாற்றப்பட்டுள்ளதா, நிர்வாக ஒப்புதல் அளித்த அரசாணையின் எண்ணும் நாளும் என்ன, பயனாளிகள் பட்டியலின் நகல் கிடைக்குமா. முப்பது நாளில் பதில் வர வேண்டும். "அவ்வாறான திட்டம் ஏதும் இல்லை" என்று ஒரு வரிப் பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள், அதை நகலெடுத்து வீட்டுக்கு வீடு கொடுங்கள். மூன்று தேர்தல்களாகச் சொல்லப்பட்டதைப் பற்றி முதல்முறையாக எழுத்தில் வந்த அரசின் பதில் அது.

அறிக்கைகளில் வரும் சொற்களையும் கவனித்துப் படியுங்கள். 'ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்றால் கோப்பு நகர்ந்திருக்கிறது. 'பணி தொடங்கியது' என்றால் ஒப்பந்தக்காரர் வந்திருக்கிறார். 'நிறைவு' என்றால் கட்டடம் நிற்கிறது, தண்ணீர் இணைப்பு இல்லாமலும் நிற்கலாம். 'ஒதுக்கீட்டு ஆணை' உங்கள் பெயரில் கைக்கு வந்தால்தான் நீங்கள் நீதிமன்றத்தின் படியேற உங்களிடம் ஏதோ இருக்கிறது. அடிக்கல் நாட்டு விழாப் படத்தில் இவற்றில் எதுவும் இருக்காது.

2022 முதல் நகர வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்க விதி இருக்கிறது. அங்கே கவுன்சிலர் தலைமையில் கேட்கப்படும் கேள்வி குறிப்பில் ஏற வேண்டும். ஐம்பது பேர் போய், "எங்கள் இடத்துக்கான அரசாணை எண் என்ன, இல்லையென்றால் எந்தத் துறையில் எந்த மேசையில் நிற்கிறது" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். சாக்கடை, விளக்கு என்று பத்துக் கோரிக்கைகளோடு கலக்க வேண்டாம். கணக்கெடுப்புக்கு யாராவது வந்தால், ஒரு கதவுக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை குடும்பமாக எழுதச் சொல்லி, வந்தவரின் கையெழுத்தும் தேதியும் திட்டத்தின் பெயரும் இல்லாமல் சீட்டு வாங்காதீர்கள்.